தரையில் மெழுகா? தேய்க்காதீங்க!

2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் அடித்தபோது, புதுச்சேரியில் பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்திதான் துணை. தரையெல்லாம் மெழுகுச் சொட்டு! ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடாதீர்கள். அதில் கால் வழுக்கினால் வீட்டுப் பெரியவர்களுக்கு இடுப்பெலும்பே முறியலாம்.

சூட்டோடு துடைத்தால் மெழுகு பரவும். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு மேலே வையுங்கள். இறுகியதும் மரக்கரண்டியால் மெல்லப் பெயர்த்தெடுங்கள். கத்தி வேண்டாம், கீறல் விழும்.

மீதிப் பிசுக்குக்கு?

டைல்ஸ்: சூடான சோப்புத் தண்ணீர்.

மார்பிள், மொசைக்: இதற்கும் சோப்புத் தண்ணீர்தான். எலுமிச்சை, வினிகர், ஆசிட் கூடாது. கல்லில் உள்ள சுண்ணாம்பை அரித்து, பளபளப்பைக் கெடுத்துவிடும்.

சிவப்பு சிமென்ட் தரை: துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு வழுக்கல் போகக் கழுவுங்கள்.

செங்கல் தளம்: மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பழுப்புத் தாளை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வையுங்கள். தாள் மெழுகை இழுத்துக்கொள்ளும்.

சுடுமெழுகு கையில் பட்டுவிட்டதா? உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்... அந்த நேரத்தில் எண்ணெயும் வேண்டாம்! கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி கரண்ட் போனால், மெழுகுவர்த்தியை ஒரு தட்டில் நிறுத்துங்களேன். தரையும் தப்பும், காலும் தப்பும்!