மகளின் நியமனக் கடிதத்தை வாசித்தீர்களா?



நம் பெண் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை என்று எங்கு பார்த்தாலும் ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசையோடு பிள்ளைகள் இருக்கிறார்கள். பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலும் அதே ஆசைதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் பதவியுயர்வு கொடுப்பதற்கும் எழுதி வைத்த விதிகள் உண்டு என்பதை எத்தனை வீடுகளில் அறிந்திருக்கிறோம்? “யாரைப் பிடிக்கலாம்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். “வர்த்தமானியில் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்பவர்கள் குறைவு.

ஊவாவின் மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள் மாகாண அரசாங்க சேவையைச் சேர்ந்தவர்கள். 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் அவர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்து, மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும் வழி செய்தது. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. மத்தியில் உள்ள அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்த முயல்வதே அரசியலமைப்பின்படி குற்றமாகும். ஆகவே, காசு வாங்கிக்கொண்டு “நியமனம் எடுத்துத் தருகிறேன்” என்பவரின் பேச்சை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அது சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் ஹராம்.

கடிதத்தில் உள்ள ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதற்குத் தோட்டப் பாடசாலைகளே சாட்சி. 2014இல் விண்ணப்பம் கோரி, சுமார் 3,000 இளைஞர், யுவதிகளை “ஆசிரிய உதவியாளர்” என்ற பெயரில் எடுத்தார்கள். ஊவாவுக்கும் அதில் பங்கிருந்தது. வகுப்பில் அவர்கள் செய்தது ஆசிரியர் வேலை. கையில் கிடைத்ததோ மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பின்னர் 10,000 ரூபா. பயிற்சியை முடித்த பிறகே இலங்கை ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படலாம் என்பது நிபந்தனை. “உதவியாளர்” என்ற அந்த ஒரு சொல்லால், அவர்கள் தங்கள் உரிமைக்காகப் பல வருடங்கள் குரல் கொடுக்க வேண்டி வந்தது.

சேவைக்குள் நுழைந்த பிறகும் படிகள் உண்டு. ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு 1994இல் வந்தது. புதியது 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயிற்று. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு என ஏற வேண்டும். வருடம் போனால் பதவியுயர்வு தானாக வந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடக் கூடாது. தகுதிகாண் காலம், வினைத்திறன் காண் தடைதாண்டல், இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தவணை உண்டு. 2007 ஜூலை முதல் அரசாங்க சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்ற அரச கரும மொழியையும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தமிழில் வேலை செய்யும் நம் பிள்ளைக்கு அது சிங்களம். கல்யாணம், பிள்ளை, அடுப்படி என்று காலம் ஓடிவிட்டால், கூடச் சேர்ந்தவர் மேலே போய்விடுவார். நம் பிள்ளையின் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிள்ளைப்பேறு கிடைத்தால் வேலையை விட வேண்டும் என்று சொல்வோர் பேச்சையும் கேட்க வேண்டாம். 84 வேலை நாட்கள் முழுச் சம்பளப் பிரசவ விடுமுறை அவளுடைய உரிமை.

சகோதரிகளே, வீட்டில் நீங்கள் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் “பாத்திமா” எழுதப்பட்டிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தில் கேட்டுத் திருத்துங்கள்.

இரண்டாவது, விலாசம். லயன் அறைகளில் இருப்போருக்குத் தபால் தோட்டக் காரியாலயம் சுற்றித்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வந்த கடிதத்தால் என்ன பயன்? நம்பிக்கையான ஒரு விலாசத்தைக் கொடுங்கள். டவுனில் இருக்கும் நம் வீட்டு விலாசத்தைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கேட்டால் மறுக்காதீர்கள். அந்தக் கடிதம் நம்மிடம் வந்த அமானிதம்.

மூன்றாவது, கோப்பு. நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றிலும் பிரதி எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். அமுலுக்கு வரும் திகதியைச் சிவப்புப் பேனையால் கோடிடுங்கள்.

அநியாயம் நடந்தால் முதலில் எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, பால் பார்த்து ஓரங்கட்டுவதைத் தடுக்கிறது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பதுளையிலும் அதன் காரியாலயம் உண்டு. அழுதுகொண்டு வீட்டில் இருந்தால் அந்த ஒரு மாதம் போய்விடும்.

இன்றிரவு வேலை முடிந்ததும் மகளை, மருமகளைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காத வரி இருந்தால், அடுத்த நாளே வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டு வரச் சொல்லுங்கள்.