ஓட்டமும் தசைநாணும்

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கயிறு தசைநாண் எனப்படும். நாண் என்பது வில்லின் கயிற்றைக் குறிக்கும் சொல். இழுவிசையைத் தாங்குவதில் தசைநாணும் அத்தகையதே. மனித உடலின் தசைநாண்களுள் மிகத் தடித்ததும் வலிமை வாய்ந்ததும் கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணாகும். குதிகாலில் அம்பு தைத்து மாண்டதாகக் கிரேக்கத் தொன்மம் கூறும் அக்கிலிஸ் என்னும் வீரனின் பெயராலும் இது வழங்கப்படுகிறது.

ஓடுபவரின் பாதம் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப்போல் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மடங்கு விசையை இந்நாண் தாங்குகிறது. அப்போது அது சற்றே நீண்டு ஆற்றலைச் சேமிக்கிறது; பாதம் தரையை உந்தி எழும்போது அதன் பெரும்பகுதியைத் திருப்பி அளிக்கிறது. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தில் இச்செயல் ஒவ்வொரு காலிலும் பத்தாயிரம் தடவைக்கு மேல் நிகழ்கிறது.

இச்சுமைக்குத் தசைநாண் ஈடுகொடுக்கும் முறை தனித்தன்மை உடையது. கொலாஜன் என்னும் புரத இழைகளே அதற்கு வலிமை தருகின்றன. 36 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வில், குதிகால் நாணைச் சூழ்ந்த திசுவில் கொலாஜன் உருவாக்கம் ஓட்டத்திற்குப் பின் முதலில் குறைந்து, மூன்றாம் நாளில் பெருகியிருந்தது. ஓட்டம் தூண்டுதலைத் தருகிறது. ஓய்வு அதனை வலிமையாக மாற்றுகிறது. மேலும், தசைநாணுக்குக் குருதியோட்டம் குறைவு. எனவே, பயிற்சியால் தசை சில வாரங்களில் வலுப்பெறினும் நாண் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். தசையின் வலிமையை மட்டும் நம்பி ஓடும் தொலைவை விரைந்து கூட்டுவோர் குதிகால் வலிக்கு ஆளாவது இதனால்தான்.

1955 முதல் 1963 வரை நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமமான கார்பன்-14 மிகுந்தது. அக்கரிமம் உணவின் வழியாக மனித உடலிலும் சேர்ந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் 1945 முதல் 1983 வரை பிறந்தவர்களின் குதிகால் நாணில் அதன் அளவைக் கண்டறிந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். நாணின் உட்பகுதியில் இருந்த அளவு, அவரவர் வாழ்வின் முதல் பதினேழு ஆண்டுகளில் நிலவிய வளிமண்டல அளவோடு ஒத்திருந்தது. அதற்குப் பின் அப்பகுதி ஏறக்குறைய புதுப்பிக்கப்படவே இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

பதினேழு வயதிற்குள் உருவாகும் அந்நாணே முதுமை வரை உடலைச் சுமக்கிறது. ஆகவே, ஓட்டப் பயிற்சியில் தொலைவைப் படிப்படியாகக் கூட்டுவதும், கடும் ஓட்டத்திற்குப் பின் ஓய்வு கொள்வதும், வலி தோன்றியதும் சுமையைக் குறைப்பதும் இளமையிலேயே பழகத்தக்கவை.