வெள்ளையடிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

பழைய வீடு ஒன்று மலிவாக வருகிறது. “40 லட்சத்துக்கு முடிங்க சார். 6 லட்சம் போட்டு டைல்ஸ், பெயின்ட் எல்லாம் மாத்தினா ஒரே வருஷத்துல 55 லட்சம்” என்கிறார் தரகர். 9 லட்சம் லாபம். காதுக்கு இனிக்கும் கணக்குதான். காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 3.60 லட்சம் பதிவு அலுவலகத்திலேயே போகிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு 1% என்றால் 95,000 ரூபாய். 30 லட்சம் வங்கிக் கடனுக்கு 9% வட்டி என்றால் ஓராண்டுக்கு 2.70 லட்சம். மிஞ்சுவது 1.75 லட்சம். வீடு இன்னும் ஆறு மாதம் விலைபோகாமல் நின்றால், அதில் 1.35 லட்சம் வட்டிக்கே சரியாகிவிடும். வருமான வரியை இன்னும் கழிக்கவில்லை.

இவ்வளவு மெலிந்த லாபத்தை ஒரு சின்னப் பத்திரக் கோளாறு மொத்தமாக விழுங்கிவிடும். வாங்கும்போது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை, விற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

வாங்கும் முன்

30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. நடந்துகொண்டிருக்கும் பாகப் பிரிவினை வழக்கோ, பதிவு செய்யாத உயிலோ அதில் தெரியாமல் போகலாம். மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸை நம்பாதீர்கள். அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் இல்லை என்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கக்கூடும். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் ஒத்துப் பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது வாரிசு விஷயத்தில். “தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, அவளுக்குப் பங்கு இல்ல” என்று அண்ணன் சொல்வது சட்டத்தில் நிற்காது. இந்துக் குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாக அவர் இறந்ததும் பவரும் போய்விடும். வெறும் பவர் பத்திரத்தை வைத்தே வீடு கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அது வில்லங்கத்தில் ஏறிவிடுவதால், அதே வீட்டை ஓசையில்லாமல் இன்னொருவருக்கு விலைபேச முடியாது.

புதுப்பிக்கும்போது

வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள். பட்டி பார்த்து மறைத்த விரிசலும் ஓதமும் அன்று தெரியும். கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பொறியாளரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள். மாடி எழுப்பவும், தாங்கு சுவரை எடுக்கவும் உள்ளாட்சி அனுமதி வேண்டும். வரைபடத்தில் இல்லாத மாடிக்கு அடுத்தவர் வங்கிக் கடன் வாங்குவது சிரமம்.

மேஸ்திரியிடம் வேலை, பொருளின் தரம், முடிக்கும் தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். வேலை முடிய முடியத் தவணையாகப் பணம் கொடுங்கள். கடைசித் தவணையை ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விற்கும்போது

உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியாக வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம் விதிக்கும் கடமை இது. 24 மாதத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5% வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கின்படி. புதுக் கழிவறை, கூடுதல் அறை போன்ற மேம்பாட்டுச் செலவு லாபத்திலிருந்து கழியும், பில் இருந்தால். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% வரி பிடித்துக் கட்டுவார். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1% போதாது. பிடித்தம் அதைவிட அதிகம். வீட்டு விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

ஏமாந்தால்

ஒப்பந்தம் போட்டவர் பத்திரம் எழுதித் தர மறுத்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். போலிப் பத்திரம் என்றால் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தக்காரரின் அரைகுறை வேலைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கெடு இரண்டு ஆண்டு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், வழக்கறிஞர் உதவி இலவசம்.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதும் ஒப்பந்தமும்தான். டைல்ஸ் வாங்கப் போகும் அன்றே ஒரு ஃபைலும் வாங்கிவிடுங்கள்.