கணிப்பொறித் திரையும் கணக்கின் உண்மையும்

மும்பையை அடுத்த டோம்பிவிலி ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருப்போர் இண்டிகேட்டரை மட்டும் நம்பி ஏறிவிடுவதில்லை. வந்து நிற்கும் வண்டியின் முகப்பிலுள்ள ஊர்க் குறியையும் பார்த்துக்கொள்கின்றனர். பலகை பழுதுபட்டால் வண்டியின் குறியும் அதனுடன் சேர்ந்து பொய்த்துவிடாது. ஒரே செய்தியை ஒன்றையொன்று சாராத இரு வழிகளில் அறியும் இந்த எளிய முறை கணிப்பொறிகளின் பாதுகாப்புக்கும் இன்றியமையாததாகும்.

திரையில் தோன்றும் எண்ணே கணக்கு அன்று. கணிப்பொறியில் பதிந்துள்ள தொகையை ஒரு நிரல் படித்துத் திரைக்கோ அச்சுப்பொறிக்கோ அனுப்புகிறது. இந்த இடைவழியில் பகைவன் புகுந்துவிட்டால் கணக்கு ஒன்றாகவும் காட்சி வேறொன்றாகவும் அமையும்.

2016 பிப்ரவரியில், நாடுகளுக்கிடையே பண உத்தரவுகளை அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் வாயிலாக, பங்களாதேஷ் மத்திய பாங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குக் களவாடப்பட்டது. இதற்கெனச் செய்யப்பட்டதாக ஆராய்ச்சியாளர் கண்ட தீய நிரல், உத்தரவுகளின் பதிவுகளை அழிக்கவும், அச்சுக்குச் செல்லும் உறுதிச் செய்திகளைத் திருத்தவும் வல்லது. பாங்கியின் ஸ்விஃப்ட் நிரலில் இரண்டே பைட்டுகளை மாற்றி, அங்கிருந்த சரிபார்ப்பையும் அது செயலற்றதாக்கியது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவ்வகைத் தாக்குதல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியிலிருந்து, 2018 பிப்ரவரி 6 அன்று, ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கான மூன்று போலி உத்தரவுகள் வெளிச்சென்றன. உறுதிச் செய்திகளை அச்சிடும் பொறி முடக்கப்பட்டிருந்ததால் அவை ஊழியர் கண்ணில் படவில்லை. மறுநாள் கணக்குகளை ஒத்துப்பார்த்தபோதுதான் மோசடி வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. இத்தகைய அபாயம் குறித்து, 2016 ஆகஸ்டு முதல் மூன்று முறையேனும் பாங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் பாங்கி அம்மாதமே அறிவித்தது.

இதற்குப் பரிகாரம் யாது? ஒவ்வொரு பதிவுக்கும், இரகசியத் திறவுகோல் ஒன்றைக் கொண்டு கணித்த முத்திரை எண்ணைச் சேர்க்கலாம். பதிவில் ஓர் இலக்கம் மாறினாலும் முத்திரை பொருந்தாது. ஆயினும், அதைச் சரிபார்க்கும் நிரலும் திறவுகோலும் பகைவன் வசப்பட்ட கணிப்பொறியிலேயே இருந்தால் பயனில்லை. பங்களாதேஷில் மாற்றப்பட்ட இரண்டு பைட்டுகள் உணர்த்துவது இதுவே. ஆகவே சரிபார்ப்பு தனித்ததொரு பொறியில் நடைபெற வேண்டும். உத்தரவுகளுக்கு வேறொரு வழியில் உறுதி பெறவேண்டும். எதிர்ப் பாங்கியின் ஏட்டுடன் அடிக்கடி ஒத்துப்பார்ப்பதும் அவசியம். ஏனெனில், தொலைவிலுள்ள அந்த ஏடு திருடனின் கைக்கு எளிதில் எட்டாது.

வரவேண்டிய தாள் வராமற்போவதும் ஓர் எச்சரிக்கையே. அதனைப் பொறியின் பழுது என்று மறுநாளைக்கு ஒத்திவைத்தல் கூடாது; அந்த ஓர் இரவே திருடனுக்குப் போதுமானது.

தனிமனிதருக்கும் இவ்விதி பொருந்தும். கைப்பேசியில் தீய நிரல் புகுந்தால், அதில் காணும் இருப்புத் தொகை, வரும் குறுஞ்செய்தி ஆகிய இரண்டுமே திரிக்கப்படலாம். பாங்கிக் கிளையில் பதிவு செய்து பெறும் பாஸ்புத்தகமோ வேறு வழியில் வருவது. மாதம் ஒருமுறையேனும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.