கடலின் ஓட்டமும் கிணற்றின் உவர்ப்பும்

கடற்றொழிலுக்குச் செல்வோர் வலை விரிக்க முன்னர் நீரோட்டத்தைக் கவனிக்கின்றனர். கடலை இழுக்கும் அதே இயற்கைச் சக்திகள் தோட்டக் கிணற்றிலும் வேலை செய்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

நீரோட்டம் மாறுவதற்கு முக்கிய காரணங்கள் மூன்று. முதலாவது காற்று. தென்மேற் பருவக்காற்று வீசும் காலத்தில் இலங்கைக்குத் தெற்கேயுள்ள கடலின் மேல்நீர் கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது மேற்கு நோக்கித் திரும்புகிறது. இரண்டாவது, சந்திரனதும் சூரியனதும் ஈர்ப்பு. இதனால் எமது கரைகளில் கடல் நாளுக்கு இரு தடவை பெருகி வற்றுகிறது. அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டி இந்த ஏற்றவிறக்கம் கூடுதலாகும். மூன்றாவது, நீரின் பாரம். உப்பு மிகுந்த நீரும் குளிர்ந்த நீரும் கீழே அமிழ, இலேசான நீர் மேலே பரவுகிறது.

கடலடிக் குகைகளிலும் இதுவே நடக்கிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளை ஆக்குகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் இன்றையதிலும் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பின்னர் பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, கரையோரக் குகைகள் பல மூழ்கின. பஹாமாஸ் தீவுகளின் இத்தகைய குகைகள் சிலவற்றில், கடல் பெருகும்போது நீர் உள்ளே பாய்ந்து, வற்றும்போது வெளியே வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் நிலமே. இங்கு மழையால் சேர்ந்த நன்னீர், பாரமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சாட்சி. கீரிமலையில் நன்னீர் கடலோரத்திலேயே ஊற்றெடுக்கிறது.

கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே மேல்மட்டம் 1 அடி குறைந்து அப்படியே நீடித்தால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழலாம். இயந்திரத்தால் அளவின்றி இறைக்கும்போது கடலை நாமே கிணற்றுக்குள் அழைக்கிறோம்.

காற்றையும் சந்திரனையும் எம்மால் மாற்ற இயலாது. ஆனால் இறைப்பை அளவோடு வைத்திருக்கலாம். குளங்களையும் கேணிகளையும் தூர்வாரலாம். வரம்பு கட்டி மாரி மழையை நிலத்தில் இறங்கச் செய்யலாம். இறைவன் தந்த நன்னீரை அடுத்த தலைமுறைக்கும் நன்னீராகவே கையளிப்பது எமது கடமையாகும்.