தர்மத்துக்கும் ஐந்தொகை வேண்டும்

தர்மம் தலை காக்கும் என்று நமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தத் தர்மத்தைக் காப்பது எது என்று கேட்டால், கணக்குதான் என்று சொல்வோம். நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மண்டியில் பேரேடு எழுதிய அனுபவத்தில் சொல்கிறோம்.

மருத்துவ உதவி நிதிக்காகக் கோல்ஃப் போட்டி நடத்தலாமா என்று சில ஊர்ச் சங்கத்தார் எங்களிடம் கேட்கிறார்கள். எங்கள் சங்கம் 2018-லும் 2019-லும் இரண்டு முறை நடத்தியது. முதல் முறை பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை பணமும் கிடைத்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுவது மற்ற சங்கங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

யோசனை வந்த வழி

புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பெற்றோருக்கு உதவ வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் விடாமல் சிகிச்சை செய்ய வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், பஸ் கட்டணம், அறை வாடகை, இழந்த கூலி ஆகியவற்றுக்கு வழியின்றிப் பாதியில் ஊர் திரும்பி விடும் குடும்பங்கள் உண்டு. குணமாகக்கூடிய பிள்ளை இதனாலேயே பறிபோவது எத்தனை கொடுமை!

அமெரிக்காவில் படித்து வந்த உறுப்பினர் மகன் ஒருவர், மெம்பிஸ் நகரத்துச் செய்தியைச் சொன்னார். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், வறுமையில் இருந்தபோது செய்த வேண்டுதலை நிறைவேற்ற, 1962-ல் அங்கே செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையைத் திறந்தார். அதற்கு நிதி திரட்ட, லெபனான், சிரியா வம்சாவளியினரைக் கூட்டி 1957-லேயே ஓர் அமைப்பு தொடங்கியிருந்தார். 1958 முதல் அந்நகரில் நடந்து வந்த கோல்ஃப் போட்டி, 1970-ல் அவர் பெயரை ஏற்று மருத்துவமனைக்கு நிதி தரத் தொடங்கியது. அந்த உறவு இன்றும் தொடர்கிறது. அங்கே சிகிச்சைக்கோ, பயணத்துக்கோ, தங்குவதற்கோ, உணவுக்கோ எந்தக் குடும்பத்துக்கும் பில் அனுப்புவதில்லை. அந்த மருத்துவமனை திறந்த காலத்தில், ரத்தப் புற்றுநோயில் பெரும்பான்மையான வகை கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு நால்வரே பிழைத்தார்கள். இன்று அங்கே 90-க்கு மேல் பிழைக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எங்களுக்கும் உற்சாகம் பிறந்தது.

முதல் ஆண்டுப் பாடம்

எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பெருநகரத்து மைதானம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசினோம். மைதானத்தில் 18 குழிகள். குழிக்கு நால்வர் வீதம் 72 பேர், ஒரே நேரத்தில் அவரவர் குழியிலிருந்து தொடங்குவார்கள். ஐந்து மணி நேரத்தில் எல்லோரும் முடித்து விடலாம். தேர்ந்தவரும் புதியவரும் சமமாக மோத ‘ஹேண்டிகேப்’ என்ற சலுகைக் கணக்கு இருக்கிறது. ஆலை அதிபர்கள், ஏற்றுமதியாளர்கள், வங்கி அதிகாரிகள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

நுழைவுக் கட்டணம் தலைக்கு 5,000 வீதம் 3,60,000 ரூபாய். குழியருகே விளம்பரப் பலகை 10,000 வீதம் 1,80,000 ரூபாய். ஆக வரவு 5,40,000.

செலவு வருமாறு: மைதான வாடகை 1,50,000. ஹோட்டல் விருந்து 1,40,000. பனியன், தொப்பி 85,000. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி 45,000. கோப்பைகள் 40,000. ஆக 4,60,000. மிச்சம் 80,000 ரூபாய்!

மேடையில் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக் கொண்டோம். மறுவாரம் சங்கக் கூட்டத்தில், பலகை வைத்த சில்லறை மளிகைக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். “அண்ணாச்சி, நான் கொடுத்த பத்தாயிரத்திலே பிள்ளைகளுக்கு எவ்வளவு போச்சு?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 1,480 ரூபாய். மற்றது விருந்துக்கும் பனியனுக்கும் போயிருந்தது. எங்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ரூபாய்க்கு 15 பைசா கூட மிஞ்சாத வியாபாரத்தை நம் கடையில் வைத்துக் கொள்வோமா? பிறர் பணம் என்றதும் கை தாராளமாகி விட்டது.

இரண்டாம் ஆண்டு

2019-ல் சில விதிகளை எழுதி, கமிட்டியார் அனைவரும் கையெழுத்திட்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

முதலாவது, பலகைப் பணத்துக்குள் செலவு முழுவதும் அடங்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பைசாவும் தொடக்கூடாது. ஆட்டக்காரர்கள் மருத்துவமனையின் பெயருக்கே நேரடியாகக் காசோலை கொடுத்தார்கள்.

இரண்டாவது, பொருளாகக் கிடைப்பதைப் பணம் கொடுத்து வாங்கக்கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய் எங்கள் மண்டிகளிலிருந்தே போயின. ஹோட்டல் விருந்துக்குப் பதில் வாழை இலைச் சாப்பாடு. ஆலை அதிபர்கள் அதைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். பனியன், தொப்பி கிடையாது. ஞாயிற்றுக்கிழமையை விட்டு வாரநாளில் நடத்தியதால் மைதான வாடகை 75,000 ஆகக் குறைந்தது.

மூன்றாவது, ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் கார் பரிசு என்று விளம்பரம் செய்வதானால், முதலில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் ஏறத்தாழ 12,500-ல் ஒரு முறை என்பார்கள். அந்த ஒரு முறை அன்றைக்கே வந்து விட்டால் சங்கம் கடனாளி. நாங்கள் கார் பரிசே வைக்கவில்லை.

நான்காவது, விளம்பரப் பணமும் நன்கொடையும் வரிச் சட்டத்தில் ஒன்றல்ல. ஆடிட்டரைக் கேட்டுத் தனித்தனி ரசீது போட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு 2017 முதல் வரிச் சலுகை இல்லை என்பதையும் கொடுப்பவரிடம் முன்னதாகச் சொல்லி விட வேண்டும்.

செலவு 1,60,000-ல் முடிந்தது. பலகைப் பணத்தில் மீதி 20,000, நுழைவுக் கட்டணம் 3,60,000. இவற்றோடு பழைய மகமையையும் சேர்த்தோம். மூட்டைக்கு ஒரு ரூபாய் வீதம் மண்டிக்காரர்கள் ஒரு மாதம் எடுத்து வைத்தது 62,000. மொத்தம் 4,42,000 ரூபாய்.

வெளியூரிலிருந்து வந்து தங்கும் குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய் தேவை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முதல் ஆண்டுப் பணம் ஒரு குடும்பத்துக்குப் பத்து மாதம் வந்தது. இரண்டாம் ஆண்டுப் பணம் ஐந்து குடும்பங்களுக்குப் பதினொரு மாதம் வந்தது. வரவு செலவை முப்பது நாளைக்குள் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கேள்வி கேட்ட அந்த மளிகைக் கடைக்காரர்தான் இப்போது எங்கள் கமிட்டிப் பொருளாளர்.

மகமை நிற்கவில்லை

2020-ல் கொரோனா வந்து போட்டி நின்றது. ஆனால் மூட்டைக்கு ஒரு ரூபாய் நிற்கவில்லை. அந்த ஆண்டிலும் குடும்பங்களுக்குப் பணம் போனது. இது நமக்குப் புதிதன்று. 1889-ல் விருதுநகரில் தொடங்கி, பின்னாளில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி, வணிகர் மகமையாலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்ததல்லவா?

ஆகவே கோல்ஃப் போட்டி நடத்த விரும்பும் சங்கங்கள் தாராளமாக நடத்தலாம். நமது மண்டிக்கு வராதவர்களின் பணத்தையும் நல்ல காரியத்துக்குக் கொண்டு வர அது ஒரு வழி. ஆனால் நுழைவுச் சீட்டு அச்சடிக்கும் முன், செலவுக் கணக்கை எழுதிப் பாருங்கள். கொடுக்கிற ரூபாயில் பிள்ளைகளுக்கு எத்தனை பைசா போகும் என்று யார் கேட்டாலும், உடனே பதில் சொல்ல முடிந்தால் மட்டும் மேடை போடுங்கள்.