சீலா மீனும் இழுதூண்டிலும்

கடலும் ஒரு விளைநிலமே. ஆயினும் முற்றிய கதிரை அறுத்து, இளம் பயிரை விட்டுவைக்கும் நிலத்தில்தான் அடுத்த பருவமும் விளைவு உண்டு. இவ்வுண்மையைக் கடலில் கடைப்பிடிக்க ஏற்ற முறைகளுள் ஒன்று, ஓடும் படகின் பின்னே தூண்டில்களை இழுத்துச் சென்று சீலா மீன் பிடிப்பதாகும். இதனை இழுதூண்டில் என்று இங்கே குறிப்பிடுவோம். கடலடியை வாரிச் செல்லும் இழுவலையோடு இதனைச் சேர்த்து எண்ணலாகாது. இழுவலையில் சிறியதும் பெரியதும் ஒருங்கே அகப்படும். இழுதூண்டிலிலோ மீன்கள் ஒவ்வொன்றாகவே கைக்கு வருகின்றன.

தூத்துக்குடிப் பகுதியில் சீலா என்றும், சென்னையில் வஞ்சிரம் என்றும், கன்னியாகுமரிப் பக்கத்தில் நெய்மீன் என்றும் வழங்கப்படுவன ஒரே குடும்ப மீன்களே. அவற்றுள் பெரிய வகை, பக்கங்களில் அலையலையான குறுக்குக் கோடுகளை உடையது; ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். மத்தி போன்ற சிறு மீன் கூட்டங்களைக் கண்ணால் கண்டு துரத்தி வேட்டையாடுவது இதன் இயல்பு. ஆகவேதான் நீரில் விரைந்தோடும் இரை இதனை ஈர்க்கிறது.

இம்மீனின் பற்கள் கத்தி போன்றவை. நைலான் நரம்பை நேரே தூண்டில் முள்ளில் கட்டினால் அது அறுபடும். எனவே முள்ளுக்கு முன்னால் சிறிது நீளம் எஃகுக் கம்பி இணைத்தல் இன்றியமையாதது. நரம்பு முறுக்கேறாதிருக்கக் கம்பியும் நரம்பும் சேருமிடத்தில் சுழலும் வளையம் ஒன்று வேண்டும். சீலா இரையின் பின்பாதியைத் துண்டித்துக்கொண்டு போவதும் உண்டு. வாய்ப்புறத்தில் ஒரு முள் மட்டும் இருந்தால் இரை போகும், மீன் வாராது. ஆதலின் இரண்டு மூன்று முட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கடைசி முள்ளை இரையின் வாலருகே அமைக்க வேண்டும். முரல், மத்தி ஆகியன நல்ல இரைகள். பளபளக்கும் உலோகத் தகடும் இறகும் செயற்கை இரையாகப் பயன்படும்.

படகின் இருபுறமும் மூங்கிற் கழிகளை நீட்டி, அவற்றில் நீளமான, எடை குறைந்த கயிறுகளைக் கட்ட வேண்டும். பின்புறத்தில் ஈயக்குண்டு கட்டிய குறுகிய கயிறுகளை விடலாம். இவை ஆழத்தில் செல்வதால், படகு திரும்பும்போது ஒன்றோடொன்று சிக்குவதில்லை. மீன் இரையைக் கோத்திருந்தால் மணிக்கு 4 முதல் 7 கிலோமீட்டர் வேகம் போதும். செயற்கை இரைக்கு 9 முதல் 13 கிலோமீட்டர் வரை தேவைப்படும். வேகம் மிகுந்தால் மீன் இரை சிதையும். குறைந்தால் தகடு ஒளிராது. நேராகவே ஓடாமல் வளைந்து வளைந்து ஓடுவது நலம். திரும்பும்போது உட்புறக் கயிறு தாழ்ந்து, வெளிப்புறக் கயிறு விரைவதால், அவ்வேளையில் மீன் கவ்வுவது உண்டு.

விடியலும் அந்தியும் ஏற்ற நேரங்கள். பார்களின் ஓரம், ஆழம் திடீரென மாறும் இடம், கடற்பறவைகள் பாய்ந்து இரை தேடும் இடம் ஆகியவற்றைச் சுற்றி ஓட்ட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் தூண்டிலும் செல்லலாகாது. மீன் இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது பேராபத்து, விரல் போகும். கயிற்றின் முனையில் இரப்பர்ப் பட்டை கட்டினால் இழுப்பின் அதிர்ச்சி குறையும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இழுதூண்டிலில் மீன் எண்ணிக்கை குறைவு. எரிபொருட் செலவோ மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உண்டு. எனவே கிடைத்த ஒவ்வொரு மீனுக்கும் முழு விலை கிடைத்தால்தான் தொழில் நிற்கும். அந்த விலையைக் காப்பது பனிக்கட்டியே. பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற அளவில் இட்டு மூட வேண்டும். வெயிலில் கிடந்த சீலாவில் இஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் அழிவதில்லை. உண்பவருக்கு முகச்சிவப்பு, தலைவலி, வாந்தி முதலியன உண்டாகும்.

பெரிய வகைச் சீலா ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அளவை எட்டிய பிறகே இனம் பெருக்கும். அதற்குச் சிறியது உயிரோடு வந்தால் முள்ளைக் கழற்றி நீரில் விடுவது, விதைநெல்லைக் காப்பது போன்றது.

இதில் பஞ்சாயத்துக்களின் பங்கும் உண்டு. மீன் இறங்கும் கரையில் நிழற்கூரை, நல்ல தண்ணீர், கழிவுநீர் வடிகால் ஆகியன இருக்கின்றனவா என்று உறுப்பினர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். பனிக்கட்டி விடியலுக்கு முன்பே கரைக்கு வந்து சேர மீனவர் கூட்டுறவுச் சங்கத்துடன் கலந்து ஏற்பாடு செய்யலாம். கடலில் மீனவர் பட்ட பாடு கரையில் வீணாகாதபடி காப்பது ஊரார் அனைவரின் கடமையாகும்.